பெண்கள் கழிப்பறையில் ஒரு பூட்டு

காசு போட்டால் பொருள் தரும் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. காபி மெஷின், பிஸ்கட் மெஷின் எல்லாம் பார்ப்பேன். ஆஸ்பத்திரி, காலேஜ், ஃபாக்டரி என்று டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைசூர் முழுக்க பைக்கில் அலைய வேண்டியிருக்கும். மோட்டாரைவிட, போர்டைவிட, அடிக்கடி மக்கர் பண்ணுவது கதவுப் பூட்டுதான். அதனால் பூட்டு என்றாலே எனக்கு ஒரு அலட்சியம் உண்டு. பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினால் முடிந்தது என்று கிளம்பிவிடுவேன்.

அன்று காலை ஆபீசிலிருந்து போன் செய்த பெண், நஞ்சன்கூடு ரோட்டில் இருக்கும் துணி ஃபாக்டரியில் ஒரு மெஷினுக்குக் கதவு பூட்டிக்கொள்ளவில்லை என்றாள். என்ன மெஷின் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "போய்ப் பாருங்கண்ணா, தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அந்த ஃபாக்டரி தெரியும். என் அக்கா அங்கேதான் தைக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊர் மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு முதலில் வந்தவள் அவள்தான். பின்னால் நான் வந்தேன். மதியம் அவளோடு சேர்ந்து சாப்பிடலாம் என்று சந்தோஷமாகவே போனேன்.

ஃபாக்டரி ஆபீசர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு தையல் ஹாலைக் கடந்து போனார். பெண்கள் கழிப்பறை வாசலில் நின்றார். "உள்ளே இருக்கு" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாப்கின் மெஷின். எங்கள் கம்பெனி அதையும் போடுகிறது என்று தெரியும், ஆனால் அதுவரை ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை.

துப்புரவு வேலை செய்யும் அம்மா உள்ளே போய் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வாசலில் காவலுக்கு நின்றார். கை கழுவும் தொட்டிகளுக்குப் பக்கத்தில், சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டி. கதவு திறந்துகொள்ளாமல் இருக்க யாரோ துணி நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நாடாவை அவிழ்த்தேன். உள்ளே பாக்கெட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. என் காது சூடாகிவிட்டது. எங்கள் வீட்டில் இதைக் கறுப்புக் கவரில் சுற்றித்தான் கொண்டுவருவார்கள். நான் பார்த்தும் பார்க்காதவனாகவே வளர்ந்தவன்.

அந்தக் கூச்சத்தில் நான் செய்தது வேலையே இல்லை. பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டே பழைய பூட்டைக் கழற்றினேன். புதியதை மாட்டினேன். கதவு ஒட்டி மூடவில்லை என்று கைக்குத் தெரிந்தது. முழங்கையால் அழுத்திப் பிடித்துச் சாவியைத் திருப்பினேன். திரும்பியது. போதும், கிளம்பிவிடலாம் என்று ஆபீசரைக் கூப்பிட்டேன்.

அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஆபீசர் உள்ளே வந்து கதவின் விளிம்பைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். பூட்டு நழுவி, கதவு படாரென்று திறந்து, அடுக்கு மொத்தமும் சரிந்து ஈரத் தரையில் கொட்டியது.

வாசலில் யாரோ சிரித்தார்கள். நான் அசையாமல் நின்றேன். எத்தனையோ இடங்களில் சிந்திய காபித் தூளையும் உடைந்த பிஸ்கட்டையும் கையாலேயே அள்ளியிருக்கிறேன். இதைக் குனிந்து எடுக்க என் கை போகவில்லை.

ஆபீசர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பார்த்தீங்களா? இப்படித்தான் நெம்பித் திறந்து சும்மா எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. நாளையிலிருந்து எல்லார் பையையும் சோதனை போட வேண்டியதுதான்." பிறகு என்னிடம், "நெம்பினதுதானே?" என்றார்.

நான் தலையாட்டினேன். நெம்பினார்களா இல்லையா என்று நான் பார்க்கவே இல்லை. அங்கிருந்து வெளியே போனால் போதும் என்றிருந்தது.

தலையை நிமிர்த்தியபோது கூட்டத்தின் முன்வரிசையில் அக்கா நின்றிருந்தாள். தோளில் நூல் பிசிறு ஒட்டிய நீலக் கோட்டு. அவள் சிரிக்கவும் இல்லை, கோபமாகவும் தெரியவில்லை. நேராக உள்ளே வந்து தரையில் குந்தினாள். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோட்டில் துடைத்து மடியில் அடுக்கினாள்.

"தம்பி, நீ பெட்டியப் பாரு. கீழ கெடக்கறத நான் பாத்துக்கறேன்."

ஆபீசர் அவளைப் பார்த்தார். "ஹௌதா, அப்படியா? உன் தம்பியா?"

"ஆமா சார். கூடப் பொறந்தவன்."

அந்த இடத்திலேயே தரை பிளந்துவிடாதா என்றிருந்தது. வேறு வழியில்லாமல் பெட்டியின் பக்கம் திரும்பினேன். அன்று முதல் தடவையாக அதை ஒழுங்காகப் பார்த்தேன்.

கதவைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்பினால் பூட்டின் நாக்கு சரியாகவே வெளியே வந்தது. மூடிவிட்டுத் திருப்பினால் சட்டத்தின் நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தது. பெட்டியைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கினேன். இடைவெளி சமமாகி, சாவி முழுதாகத் திரும்பியது. தோளை எடுத்ததும் மறுபடி நழுவியது. கோளாறு பூட்டில் இல்லை, பெட்டியே சாய்ந்திருந்தது. பின்னால் விரலை விட்டேன். சுவர் சொதசொதவென்றிருந்தது. மேல்மாடியிலிருந்து இறங்கும் குழாய் அங்கேதான் கசிந்துகொண்டிருந்தது. கீழ் ஸ்க்ரூவைப் பிடித்து இழுத்தால் ஈர மணலோடு கையில் வந்தது. கதவு விளிம்பில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரோ கத்திரிக்கோலோ பட்ட ஒரு கீறல் இல்லை.

இதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். கன்னடம் எனக்கு நன்றாகவே வரும், அன்று வரவில்லை. "சார், உள்ளே இருக்கற... அது... அந்த ஐட்டத்தை யாரும்..." என்று இழுத்தேன்.

"எந்த ஐட்டம்?" என்றார் ஆபீசர்.

தரையிலிருந்தே அக்கா, "நாப்கின் சார்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சொல்றா" என்றாள்.

சொன்னேன். "நாப்கினை எடுக்க யாரும் கதவை நெம்பலை சார். சுவர் ஊறிப்போய் ஸ்க்ரூ விட்டுப்போச்சு, பெட்டி சாஞ்சிடுச்சு. குழாய் பக்கத்துல மாட்டினது எங்க ஆளுங்க தப்பு. முதல்ல கேட்டப்ப நான் பார்க்காம தலையாட்டிட்டேன்."

"அப்போ காசு விழாம குறைஞ்ச பாக்கெட்டெல்லாம் எங்கே?"

வாசலில் நின்ற ஒரு பெண் சொன்னாள், "தேவைப்பட்டவங்க எடுத்தாங்க சார். கதவு பூட்டாமத்தான் கெடந்துச்சு. பூட்டு சரியாகற வரைக்கும் நிறுத்தி வைக்கற விஷயமா இது?"

ஆபீசர் வாட்சைப் பார்த்தார். சீக்கிரம் முடி என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் அங்கே நிற்கக் கூச்சமாக இருந்திருக்கும். பைச் சோதனை நடக்கவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எதிர்ச் சுவர் காய்ந்திருந்தது. அங்கே துளை போட ஆரம்பித்தபோது ஒரு பெண் வாசலுக்கும் உள்ளுக்குமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா மெதுவாக, "பெட்டிய அப்பறம் மாட்டு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு எடுத்துக் குடு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள். என்னாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெட்டியை மாட்டி, கதவைப் பலமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். இடைவேளை முடியப் போகிற நேரம். படிக்கட்டில் உட்கார்ந்து அக்கா அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டப்பா மூடியில் எனக்கும் கொஞ்சம் சோறு வைத்து நீட்டினாள்.

"அந்தாளு எங்களைத் திருடிங்கன்னப்ப நீ தலையாட்டுன. பாத்தேன்."

"அவசரத்துலக்கா. கூச்சமா இருந்துச்சு."

"கூச்சம் உனக்கு. பையத் தொறந்து காட்டறது நாங்க."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "சரி, சாப்புடு. பொறவுதான் சரியாச் சொல்லிப்போட்டியே" என்றாள். மணி அடித்தது. டப்பாவைக் கழுவக்கூட நேரமில்லாமல் மூடியை என் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு, மூடியைக் கழுவி டூல் பையில் வைத்துக்கொண்டேன்.