தேறாது என்று சொல்லத் தெரிந்தவர்

அப்பா கோதண்டராமன் கீழ்பென்னாத்தூரில் மோட்டார் ஒயிண்டிங் கடை வைத்திருந்தார். எரிந்துபோன கிணற்று மோட்டாரைக் கழற்றி, புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். தேறாத மோட்டார் என்றால் கம்பியைத் தொடவே மாட்டார்.

"தேறாது. வேற வாங்கிக்கோ" என்பார்.

ஒருமுறை பரசுராமன் என்ற விவசாயி கோபித்துக்கொண்டார். "என்னண்ணே, பொணத்தப் பாத்த மாதிரி சொல்ற?"

"பொணத்துக்கு ஒயிண்டிங் கட்டி உங்கிட்ட காசு வாங்கணுமா?"

அவர் கடைசியில் வேறு மோட்டார் வாங்கினார். அதையும் அப்பாவிடம்தான் பூட்டக் கொடுத்தார்.

2003 ஐப்பசியில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரலில் கட்டி. டாக்டர் அவர் தோளைத் தட்டினார்.

"நல்லாயிடுவீங்க, பெரியவரே."

அப்பா என்னைப் பார்த்தார். "தேறுமாம்மா?"

நான் ராணிப்பேட்டையில் அளவுக் கருவிகளைப் பார்க்கும் பொறியாளர். டாக்டர் சொன்னதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. தேறும் என்றேன்.

டாக்டர் வெளியே வந்து, "ஆம்பளைங்க யாரு இருக்கீங்க?" என்று கேட்டார். அம்மாவின் தம்பி சக்கரபாணி மாமா எழுந்து அவருடன் அறைக்குள் போனார். திரும்பி வந்தவர், "மருந்து மாத்துறாங்களாம்" என்றார்.

அன்று முழுவதும் அப்பா பேசினார். இட்லி தின்றார். "ஆதி, வீட்டுக்குப் போலாம்" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"தேறினதும் போலாங்க. இப்ப என்ன அவசரம்?" என்றாள் அம்மா.

மறுநாள் காலை மூச்சு திணறியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் போட்டார்கள். கையைக் கட்டிலோடு கட்டினார்கள். பிறகு அவர் பேசவில்லை. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்குவதை நான் கண்ணாடி வழியே பார்த்தேன். கருவி சரியாகத்தான் வேலை செய்தது.

எங்கள் பக்கத்தில், உயிர் இருக்கும்போதே கட்டியவளும் பிள்ளைகளும் வாயில் பால் விடவேண்டும். அது இல்லாமல் போகிறவர் தாகத்தோடு போகிறார் என்பார்கள். அம்மா டம்ளரில் பாலோடு கதவருகே நின்றாள்.

"குழாய் இருக்கும்மா. வாயில எதுவும் விடக்கூடாது" என்றாள் நர்ஸ். அவள் சொன்னது சரிதான்.

சாயங்காலம் பால் திரிந்துபோயிருந்தது. அப்பாவும் போய்விட்டார்.

வீட்டில் கிடத்திய பிறகு அம்மா பால் விட்டாள். அது கடைவாயில் வழிந்து கழுத்துக்கு ஓடியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். மறுபடி வழிந்தது.

பதினாறாம் நாள் பந்தியில் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்சு வந்தது. ஏசி, மிஷின், எல்லாம் ஜோர் என்றார்கள். குறை வைக்காமல் பார்த்தோம் என்றார்கள்.

"இதுக்கு மேல யாரும் பண்ணியிருக்க முடியாது" என்றார் மாமா. "டாக்டர் மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டாரு, தேறாதுன்னு. நான்தான் மனசுல போட்டு வச்சிக்கினேன்."

அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள்.

"மொத நாளா?"

"ஆமாக்கா."

"அன்னிக்கு வாய் தொறந்து பேசிக்கினு இருந்தாரேடா. இட்லி துன்னாரே. ஒரு வாய் பால் குடுத்திருப்பேனே. வீட்டுக்குக் கூட்டினு வந்திருப்பேனே."

"நீ தாங்க மாட்டேன்னுதான்க்கா சொல்லல."

"இப்ப தாங்கறனே."

மாமா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பாயசம் கொண்டுவந்து ஊற்றினார்கள்.