அக்கா எழுதிய பஸ்

அம்மா இறந்த பிறகு அவளுடைய அலமாரியை ஒழிக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அக்காவைக் களியக்காவிளைக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அடக்கம் முடிந்து இரண்டு நாள் இருந்துவிட்டு அவள் போய்விட்டாள். அப்பா அம்மாவுக்கும் முன்பே இறந்துவிட்டவர். கேரளப் பக்கத்து ஆரியங்கோட்டு வீட்டில் இப்போது நானும் என் கணவரும் மட்டும்தான்.

அலமாரியின் மேல்தட்டில், கோயிலுக்கு உடுத்துகிற சேலைகளுக்கு அடியில், ஒரு தலையணை உறை இருந்தது. அதற்குள் பழைய கணினிகளில் செருகுகிற பிளாப்பிகள். உள்ளங்கையைவிடப் பெரியவை, வளைத்தால் வளைகிறவை. ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய தாளில் அக்காவின் சாய்ந்த கையெழுத்து. ஒன்றில் ஆங்கிலத்தில் ‘பஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதைக் கையில் எடுத்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அது இல்லாமல் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு வேலை பாறசாலையில், ஒரு ஆன்லைன் சேவைக் கடையில். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வரி கட்டுவது என்று நாள் முழுக்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அது சோற்றுக்கான வேலை. அதற்கு வெளியே எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர் கடைகளில் புகுந்து, தூக்கிப்போட்ட கணினிகளைக் கிளறுவேன். சரியாக்க முடிந்ததைச் சரியாக்குவேன். முடியாதவற்றுக்கு எமுலேட்டர் உண்டு. புதிய கணினியைப் பழைய கணினியைப் போல நடிக்க வைக்கிற மென்பொருள் அது. சின்ன வயதில் விளையாடிய விளையாட்டுகளை அதில் போட்டு ஓட்டிப் பார்ப்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமை மதியங்களின் பொழுதுபோக்கு. என்னைப் போன்ற சிலர் போனில் ஒரு குழுவாக இருக்கிறோம். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. அந்தக் குழுவில் பலரும் விளையாட்டுகளைத் தேடி வந்தவர்கள். நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களைத் தேடித்தான் போனேன் என்பதை அவர்களிடம் சொன்னதில்லை.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருஷ ப்ரீடிகிரி முடித்ததும் பாறசாலையில் துணிக்கடை மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். செருப்பை வெளியே கழற்றிப்போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே ஏசி குளிரும். ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகள் கம்ப்யூட்டர் படிப்பது அன்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒருமுறை நின்று கேட்டுப் போகிற விஷயமாக இருந்தது. படிக்கப் போனவள் ஒரு வருஷத்துக்குள் அங்கேயே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். சென்டரில் புதிய கணினிகள் வந்தபோது அதன் முதலாளி பழையது ஒன்றை அவளிடமே கொடுத்துவிட்டார். ஆட்டோவில், போர்வை சுற்றி, மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. படம் எதுவும் காட்டத் தெரியாத கணினி.

அதில்தான் அக்கா ‘பஸ்’ என்கிற விளையாட்டை எழுதினாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, காப்பி குடித்த கையோடு உட்கார்ந்துவிடுவாள். இருபுறமும் நட்சத்திரக் குறிகளாக ரப்பர் மரங்கள் கீழே நகரும். நடுவில் நான்கைந்து எழுத்துகளால் ஆன ஒரு பஸ். எதிரே மாடு வரும், பாறை ஏற்றிய லாரி வரும், சில நேரம் புள்ளிப் புள்ளியாக மழை வரும். ஏழு நிறுத்தங்களில் ஆங்கில எழுத்துகளாக ஆட்கள் நிற்பார்கள். பாறசாலையில் புறப்பட்டு வெள்ளறடை வழியாகப் பனச்சமூடு சேரவேண்டும். எங்கள் ஊரைத் தொட்டுப் போகவேண்டும் என்பதற்காக வழியை அக்கா தன்னிஷ்டத்துக்கு வளைத்திருந்தாள். எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்கிற எழுத்து அம்மா. அவளை ஏற்றாமல் போய்விட்டால் திரையின் அடியில் ‘அம்மா நடந்து போறா’ என்று ஆங்கில எழுத்தில் வரும்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, விளையாட்டிலும் தன்னை நடக்க வைக்கிறாளே என்று சிரிப்பாள். நான் வேண்டுமென்றே அவளை விட்டுவிட்டுப் போவேன்.

அந்த வருஷம் அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. கூரை ஓடு விற்கிற கடையைச் சொந்தமாக வைத்திருக்கிற வீடு. பெண் வேலைக்குப் போவதில் தங்களுக்கு ஒன்றுமில்லை, களியக்காவிளையிலும் கம்ப்யூட்டர் சென்டர் உண்டு என்று அவர்கள் சொன்னார்கள். அப்பா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார், அவர்களும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாரும் பொய் சொன்னதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. கல்யாணம் முடிந்ததும், முதலில் புது வீடு பழகட்டும் என்றார்கள். பிறகு மாமியாருக்குக் கால் ஒடிந்தது. பிறகு குழந்தை, அதன் பின் இன்னொன்று. வேண்டாம் என்று ஒருவரும் ஒரு நாளும் சொல்லவில்லை. போகலாம் என்று சொல்ல வேண்டிய நாள் மட்டும் வரவேயில்லை.

ஆரம்பத்தில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கணினியின் முன்னால் கொஞ்சம் உட்காருவாள். பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தூர இருந்து பார்ப்பாள். ஒரு ஐப்பசி இடியில் கணினி கருகிப்போனது. அப்பா அதை ஆக்கர் கடைக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த முறை அக்கா வந்தபோது அந்த மேசையில் அம்மா அரிசிப் பானையை வைத்திருந்தாள். அக்கா பானையைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

எனக்கு வரன் வந்தபோது அப்பா முகம்கொடுத்துப் பேசாமல் அவர்களைத் திருப்பி அனுப்பினார். அவள் படித்து முடிக்கட்டும், வேலையில் சேரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். யாரை நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் வேலைக்குப் போகிறவளாக ஆனது அப்படித்தான்.

பிளாப்பியைத் திறந்து பார்த்தபோது வட்டத் தகட்டில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. எங்கள் பக்கத்து ஈரத்துக்கு எதுதான் தப்பும்? குழுவில் கேட்டேன். உறையின் ஓரத்தை வெட்டி, தகட்டை உருவி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, வேறொரு உறைக்குள் போட்டுப் படிக்கச் சொன்னார்கள். அந்த அளவு பிளாப்பியைப் படிக்கிற டிரைவ் ஒன்று என்னிடம் இருந்தது. அதை இன்றைய கணினியோடு இணைக்கிற சிறிய பலகையைக் குழுவில் ஒருவர் கூரியரில் அனுப்பினார். துடைத்தேன், காயவைத்தேன், படிக்க வைத்தேன். கரகரவென்று சத்தம் வந்தது, ஒன்றும் வரவில்லை. மறுபடி துடைத்தேன். பல வாரம் இப்படிப் போனது. என் கணவர் ஒரு நாள் வாசலில் நின்று, அது அம்மாவின் சேலைக்கு அடியில் இருந்து வந்ததென்பதால்தான் விடமாட்டேன் என்கிறாயா என்று கேட்டார். நான் பஞ்சை மறுபடி ஸ்பிரிட்டில் நனைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது படித்தது. அக்கா எழுதிய புரோகிராம் வரி வரியாக வந்தது. வரிகளுக்கு எண் உண்டு. நடுவில் சில எண்களைக் காணவில்லை. அந்த இடத்தில் தகடு அரித்துப்போயிருந்தது. வரிகளுக்கிடையே தனக்கென்று குறிப்புகள் எழுதிவைத்திருந்தாள். ‘இஞ்ச அம்ம ஏறுவா.’ ‘மழைக்கு மெதுவா.’ எல்லாம் ஆங்கில எழுத்தில்.

எமுலேட்டரில் ஓட்டினேன். பஸ் பாறசாலையில் புறப்பட்டது தெரிவதற்குள் பனச்சமூட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைய கணினியின் வேகத்தை வைத்து எழுதியது, இன்றைய வேகத்தில் அப்படித்தான் ஓடும். வேகத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். மரங்கள் மெல்ல இறங்க ஆரம்பித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் ஒரு குறை. ஏறுகிறவர்கள் யாரும் இறங்கவில்லை. காணாமல்போன வரிகள் அவர்களை இறக்குகிற வரிகள். நானாக ஊகித்து எழுதிப் பார்த்தேன். எல்லோரும் ஒரே நிறுத்தத்தில் மொத்தமாக இறங்கிப்போனார்கள்.

அம்மாவின் முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு அக்கா வந்தாள். அத்தான் அவளை விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறேன் என்று போனார். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்ததும் அவளை அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இது என்னது?”

“ஓர்ம இல்லியா? நீ எழுதினதாக்கும் அக்கா.”

“நானா?” என்றாள். கொஞ்ச நேரம் மரங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு ஓர்ம இல்ல மக்கா.”

விளையாட்டுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோது அப்படி இல்லை. சென்டருக்குப் போனது நினைவிருக்கிறது, ஏசி குளிருக்குச் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டது நினைவிருக்கிறது, போர்வை சுற்றிய கணினியும் நினைவிருக்கிறது. ஆனால் இதை உட்கார்ந்து எழுதியவள் யாரென்று தெரியவில்லை என்றாள். வரிகளைக் காட்டினேன், நடுவில் நானாக எழுதிச் சேர்த்தவை எவை என்றும் சொன்னேன். யாரோ எழுதிய கடிதத்தைப் படிப்பதுபோல விரலை வைத்துக்கொண்டு படித்தாள். அம்மா ஏறுகிற இடத்துக் குறிப்பு வந்ததும் விரல் நின்றது.

ஓட்டிப் பார் என்றேன். ஓட்டினாள். மாட்டின் மேல் மோதினாள், மறுபடி புறப்பட்டாள். எங்கள் ஊர் நிறுத்தத்தில் அவளுக்குக் கை பிந்திவிட்டது. திரையின் அடியில் அந்த வரி வந்தது. அக்கா விசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் ஓட்ட ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அத்தான் அப்போதுதான் வந்தார். கெட்டவர் அல்ல. அம்மா படுக்கையில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடியோடி வந்தவர். எங்கள் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, இது ஆரு செய்தது என்று கேட்டார். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது என்றேன்.

“இவளுக்கு கம்ப்யூட்டர் தெரியுமா?” என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் அதைப் பற்றித்தான் அவ்வளவு பேச்சு நடந்தது.

“அது அப்பம் உள்ள காரியம்,” என்றாள் அக்கா. எழுந்து சேலையைச் சரிசெய்தாள். “போவோம். மழ வருது.”

கார் திரும்புகிற வரை நான் வாசலில் நின்றேன். அவள் கையசைத்தாள், எப்போதும் போல.

சில வாரம் கழித்து, கடையில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிற நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவள் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல. பயந்துபோய் வெளியே வந்து எடுத்தேன்.

“நீ எழுதினது தெற்றாக்கும்,” என்றாள். “எல்லாரும் ஒரே எடத்துல எறங்குவாவளா? ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் உண்டுல்லா. அத ஏழால வகுத்து, மிச்சம் வாறதாக்கும் அவியளுக்க ஸ்டாப்பு.”

காகிதம் தேடி எழுதிக்கொண்டேன். வரி எண்ணோடு, நிறுத்தி நிறுத்தி, முழுவதையும் சொன்னாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்படியே அடித்தேன். ஆட்கள் ஏறினார்கள், அவரவர் இடத்தில் இறங்கினார்கள். அம்மாவும் ஏறி, தன் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள். உடனே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“ஓடுதா?” என்றாள்.

“நல்லா ஓடுது அக்கா.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னிடம் ஒரு லேப்டாப் சும்மா கிடக்கிறது, சரியாக்கிக் கொண்டுவந்து தருகிறேன், பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்களே, மதியத்தில் கொஞ்சம் உட்காரலாமே என்றெல்லாம் பேசிக்கொண்டே போனேன்.

“வேண்டாம் மக்கா,” என்றாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: “படிச்சதெல்லாம் மறந்து போச்சுன்னு நெனச்சிட்டுத்தான் நான் இத்தன நாளும் இருந்தேன். அது ஒரு சமாதானமாட்டு இருந்துது. இப்பம் பாத்தா ஒண்ணும் மறக்கல்ல.”

சோறு வடிக்கவேண்டும் என்று சொல்லி அவளே போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், மகளின் படிப்பு, அத்தானின் சர்க்கரை, வீட்டுக் கூரை. இந்தப் பேச்சை அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

சென்ற மாதம் குழுவில் ஒருவர் அந்த பிளாப்பி என்ன ஆயிற்று என்று கேட்டார். யாரும் பார்த்திராத விளையாட்டு என்றால் எல்லோருக்கும் கிடைக்கும்படி இணையத்தில் ஏற்றிவைக்கலாமே, எழுதியவர் பெயரையும் போடலாமே என்றார். நல்ல மனிதர், எனக்கு அந்தப் பலகையை அனுப்பியவர் அவர்தான். வெகுநேரம் யோசித்துவிட்டு, தகடு மிகவும் கெட்டுப்போயிருந்தது, ஒன்றும் எடுக்க முடியவில்லை என்று எழுதினேன். ஈரமான ஊர்களில் அப்படித்தான் ஆகும், வருத்தப்படாதீர்கள் என்று அவர் பதில் போட்டார்.