அவள் கேட்காத மன்னிப்பு

ஒரு படத்தில் ஒரு பெண் சொன்ன பதிலை நான் மாற்றி எழுதினேன். எழுபத்தாறு வயதில், யாரும் வற்புறுத்தாமல், என் மேசையில் உட்கார்ந்து நிதானமாகச் செய்தேன். அதை அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மயிலாப்பூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கம் நடத்தினோம். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் ஒரு வாடகைக் கூடத்தில் படம் போடுவோம். பெரும்பாலும் வெளிநாடுகளில் சின்னச் செலவில் எடுக்கப்பட்ட படங்கள். மணமான பெண்ணின் ஆசை, இரண்டு ஆண்களின் காதல், வீட்டுக்குள்ளேயே புதைந்து கிடக்கும் ரகசியம். படம் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் அறிமுகம் பேசுவது என் வேலை. “தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள், அந்த மனிதர்களைப் பாருங்கள்” என்பேன். நன்றாகப் பேசுவேன் என்று பெயர். இப்போது யோசித்தால், அந்தப் படங்களில் எவரும் தமிழ் பேசவில்லை என்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று தெரிகிறது.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், விளம்பரப் படங்களில் வேலை செய்தபடியே தானாக ஒரு முழுப் படம் எடுத்தாள். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக் குடும்பம். ஐம்பது வயதான முதலாளியம்மா. கடைக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கும் ஒருவரோடு அவளுக்கு இரண்டு வருடம் உறவு. அது வெளியே தெரிந்துவிடுகிறது. இதுதான் கதை. ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

“சார், இங்கிலீஷ் சப்டைட்டில் நீங்கதான் எழுதித் தரணும். மெஷின்ல போட்டுப் பாத்தேன். ‘ஏண்டி’ன்னு வர்ற எடத்துல எல்லாம் ‘ஹே லேடி’ன்னு போடுது.”

என் மனைவி சமையலறையிலிருந்து சிரித்தாள். அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. அடை வார்த்துப் போட்டாள். “படம் போடறச்சே என்னையும் கூப்பிடு, இவர் கூப்பிட மாட்டார்” என்றாள். அது உண்மை. நான் அவளைப் படத்துக்கு அழைத்து முப்பது வருடம் ஆகியிருந்தது.

வசன வரி எழுதுவதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. திரையில் நிற்கும் ஒவ்வொரு நொடிக்கும் இத்தனை எழுத்துகள்தான் என்று கணக்கு. மீறினால் மடிக்கணினியில் அந்த வரி சிவப்பாகிவிடும். சொன்னதை எல்லாம் எழுத முடியாது, சுருக்க வேண்டும். சுருக்குகிறவன் கையில் நிறைய அதிகாரம் இருக்கிறது. நான் எழுதியதை மாணவி சரிபார்க்கவில்லை. கல்லூரியில் அவளுடைய கட்டுரைகளைத் திருத்தியவன் நான். என் ஆங்கிலத்தை அவள் எதற்குச் சரிபார்ப்பாள்?

படத்தின் நடுவில் குடும்பம் கூடுகிற காட்சி வருகிறது. கூடத்தில் பாய் விரித்து உறவினர் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கணவனின் பெரியப்பா பேசுகிறார்: “மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு தாயி. எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவோம்.” அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறாள்: “சொல்ல மாட்டேன். எனக்கு அவர் வேணும்னு இருந்தது. அவ்வளவுதான்.”

அந்த இடத்தில் படத்தை நிறுத்தினேன். திரும்ப ஓட்டினேன். நான்கைந்து முறை கேட்டேன். பிறகு ஆங்கிலத்தில், ‘நான் மிகவும் தனிமையில் இருந்தேன். தயவுசெய்து என்னை மன்னியுங்கள்’ என்ற பொருள் வரும்படி எழுதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு முப்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

என் மனைவி தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு நாற்பது வயதிருக்கும்போது, ஒரு விடுமுறை நாளில், நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். தன் பிரிவில் வேலை செய்த ஒருவரைப் பற்றிச் சொன்னாள். “எனக்கு அவரைப் பிடிச்சிருந்தது. ஆசைப்பட்டேன். இப்போ அவர் மாத்தலாகிப் போயாச்சு, முடிஞ்சுபோச்சு. உங்களுக்குத் தெரியாம இருக்கப்படாதுன்னு சொல்றேன். தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லச் சொன்னா எனக்கு வராது.” நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்ததும், பிறகு திறந்து அடுத்த தாளை எடுத்ததும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் அவளுடைய அண்ணா வீட்டுக்குப் போனேன். ஆலோசனை கேட்கப் போகவில்லை. எனக்கு அநியாயம் நடந்தது யாருக்காவது தெரிய வேண்டும் என்று போனேன். அவர், “அவ எங்க எல்லார் முன்னாடியும் உங்களை நமஸ்காரம் பண்ணி மன்னிப்பு கேக்கட்டும் மாப்பிள்ளை. அதோட மூடிடலாம். இல்லேன்னா அவளுக்கு இந்த ஆத்துல எடம் இல்லை” என்றார். அவள் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் உட்கார்ந்திருக்க, ‘மாட்டேன்’ என்று அவள் சொல்வதையும், அதைக் கேட்டுக்கொண்டு நான் அங்கே நிற்பதையும் நினைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்துப் போய், “நேத்தே கேட்டுட்டா. என் காலைப் பிடிச்சுண்டு அழுதா” என்று சொன்னேன்.

அவள் அழவில்லை. என் காலைப் பிடிக்கவில்லை. அவர் நம்பினார். அந்த வாரமே ஒரு பை நிறைய மாம்பழத்தோடு தங்கையைப் பார்க்க வந்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அவள் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். நானும் அதற்குப் பிறகு அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று அவள் எண்ணியிருக்கலாம். நானும் நாளடைவில் அப்படித்தான் எண்ணிக்கொண்டேன்.

படத்தின் முதல் திரையிடல் தி. நகரில் ஒரு சின்ன பிரிவியூ தியேட்டரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. நாற்பது பேர் இருந்திருப்போம். மாணவி நேரில் வந்து அழைத்ததால் என் மனைவியும் வந்திருந்தாள். அந்தக் காட்சி வந்தது. காதில் தமிழ் விழுந்தது, கீழே என் ஆங்கிலம் ஓடியது. பக்கத்தில் என் மனைவி கீழே ஓடிய வரியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து வெளியே காப்பிக் கோப்பைகளோடு நின்றபோது, தமிழ் தெரியாத ஒரு பெண்மணி என் மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு, முதலாளியம்மா மன்னிப்புக் கேட்ட இடத்தில் தனக்கு அழுகை வந்துவிட்டது என்றார். மாணவிக்குப் புரியவில்லை. அவரை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

“சார், அவ எங்க சார் சாரி கேட்டா? நான் சவுண்ட் செக் பண்ணிக்கிட்டிருந்தேன், கீழ படிக்கவே இல்ல. எதாவது டைமிங் பிராப்ளமா?”

அவளே எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள். நான் அதில் நுழைந்தேன். “ஆமாம்மா. எழுத்து அதிகமாயிடுத்து. சுருக்க வேண்டியிருந்தது.”

என் மனைவி காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, “‘ஐ வில் நாட்.’ மூணு வார்த்தை” என்றாள். “தந்தி ஆபீஸ்ல வார்த்தை எண்ணியே காலம் தள்ளினவ நான். இவர் போட்டிருக்கறது அதைவிட நீளம்.”

மாணவி என்னைப் பார்த்தாள். நான் கோப்பையைப் பார்த்தேன். “பரவால்ல சார், மாத்திக்கலாம்” என்றாள் கடைசியில். “ஆனா வெளிநாட்டு ஃபெஸ்டிவலுக்கு ஏற்கெனவே அனுப்பிட்டேன். அங்க எல்லாரும் உங்க லைனைத்தான் படிப்பாங்க.” அவள் கோபமாகப் பேசவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதையும் எழுதித் தரச் சொல்லி வரவும் இல்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் சாதம் பிசையும்போது அவள் கேட்டாள்: “ஏன் மாத்தினேள்?”

“அதே மாதிரி ஒரு தடவை செஞ்சிருக்கேன். அதனால.”

அண்ணாவிடம் போனதையும், அவர் கேட்டதையும், நான் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் இலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்போ ஒருநாள் என் கையைப் பிடிச்சுண்டு, ‘நீ பணிஞ்சு போனியே, அதனாலதான் குடும்பம் நின்னுது’ன்னா. எதைச் சொல்றாள்னு எனக்குப் புரியலை. மருந்து மயக்கத்துல ஒளறறாள்னு நினைச்சேன்.” தண்ணீர் குடித்துவிட்டு அண்ணாவின் மனைவியைப் பற்றிச் சொன்னாள். “ஒரு கல்யாணம் விடாம மன்னி எல்லார் முன்னாடியும், ‘உன் ஆத்துக்காரர் மாதிரி யாருக்குக் கிடைக்கும்’பா. அதுவும் இதுதானா?”

“இதுதான்.”

“நான் என்ன நினைச்சுண்டிருந்தேன் தெரியுமா? மாம்பழத்தோட வந்தப்பவே அண்ணாவுக்குத் தெரிஞ்சிருக்குன்னு புரிஞ்சுது. முதல்ல கோவிச்சுண்டிருப்பார், அப்புறம் அவரா மனசு மாறி, நான் எப்படி இருக்கேனோ அப்படியே என்னைச் சேத்துண்டுட்டார்னு. முப்பது வருஷம் அதை நினைச்சுத்தான் அந்த ஆத்துக்குப் போயிண்டு வந்துண்டு இருந்தேன்.”

நான் பொய் சொன்னபோது அவளுடைய மானத்தை எடுத்துக்கொண்டேன் என்று மட்டும்தான் எண்ணியிருந்தேன். அண்ணாவையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

“நாளைக்கு அவர்கிட்டப் போகணும்” என்றாள். “நீங்கதான் சொல்லணும். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்.”

மறுநாள் காலை ஆட்டோ பிடித்து அடையாறு போனோம். அண்ணாவுக்கு எண்பத்து மூன்று வயது. பால்கனி ஓரத்தில் செய்தித்தாளோடு இருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்கோ மாப்பிள்ளை. என்ன, ஃபோன்கூடப் பண்ணாம?” மன்னி உள்ளே காப்பி போடப் போனார். நான் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் சொன்னது பொய், அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, காலைப் பிடிக்கவில்லை, நானே இட்டுக்கட்டினேன் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர்பாராத விதத்தில் என் பக்கம் பேசினார்.

“குடும்பத்தைக் காப்பாத்தத்தானே சொன்னேள். நல்ல காரியம்தான். இப்போ அதைக் கிளறுவானேன்?”

அந்த இடத்தில் தலையை ஆட்டிவிட எனக்கு இருந்த ஆசையை மறைக்கப் போவதில்லை. எனக்கு வேண்டிய வார்த்தையை அவரே கொடுக்கிறார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடும்பத்துக்காக இல்லை” என்றேன். “அவ மாட்டேன்னு சொன்னது வெளில தெரிஞ்சா எனக்கு அவமானம். அதுக்காகச் சொன்னேன்.”

அவர் முதல்முறையாகத் தங்கையிடம் திரும்பினார். “சரி. அப்போ கேக்கலை. இப்போ கேட்டுடு. உங்க ரெண்டு பேருக்கும் வயசாச்சு, எனக்கும் ஆச்சு. ஒரு வார்த்தைதானே.”

“அதுக்காக வரலை அண்ணா.”

“கேக்க மாட்டியா?”

“மாட்டேன்.”

முப்பது வருடத்துக்கு முன் நான் கேட்கப் பயந்த வார்த்தை அதுதான். அதை அவள் சத்தம் போடாமல், காப்பி வேண்டாம் என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது. அப்படி இருந்ததுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

மன்னி இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. “ஆறிடும்” என்று என்னிடம் மட்டும் சொன்னார். அண்ணா செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். கிளம்பும்போது, “மாப்பிள்ளை, பாத்துப் போங்கோ” என்றார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

லிஃப்டில் இறங்கும்போது, “இனிமே என்னைக் கூப்பிட மாட்டா” என்றாள். நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்து, அதுவும் பொய்யாகத்தான் இருக்கும் என்று நிறுத்திக்கொண்டேன்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. போன மாதம் அண்ணாவின் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையில் என் பெயர் மட்டும் எழுதியிருந்தது. வழக்கமாக நேரில் வந்து இரண்டு பேரையும் நிற்கவைத்துக் கொடுப்பார்கள். இந்த முறை தபாலில் வந்தது. தவறு செய்தவன் நான், பிறந்த வீட்டை இழந்தவள் அவள். பொய் சொன்னபோதும் அவள் தலையில்தான் விழுந்தது, உண்மை சொன்னபோதும் அவள் தலையில்தான் விழுகிறது. உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று எழுதுகிறவர்கள் அந்தப் பாரம் எங்கே போய் இறங்குகிறது என்று எழுதுவதில்லை.

அவள் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்து, “போயிட்டு வாங்கோ” என்றாள். கேலியில்லை, நிஜமாகவே சொன்னாள்.

நான் கூடத்திலேயே நின்று, அவள் காதில் விழும்படி அண்ணாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். “ரெண்டு பேர் பேரையும் போட்டு அனுப்பினாத்தான் வருவோம். அவ இல்லாம நான் வரதா இல்லை.” அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

“என்ன சொன்னார்?” என்று உள்ளே இருந்து கேட்டாள்.

ஏதோ ஒரு பதிலை இனிமையாகச் சொல்லிவிட எனக்கு இப்போதும் வருகிறது. பழக்கம் போகவில்லை.

“ஒண்ணும் சொல்லலை. வெச்சுட்டார்.”

அவள் வெளியே வந்து பத்திரிகையை எடுத்து, மஞ்சள் தடவிய உறைக்குள் திரும்பச் செருகி மேசைமேல் வைத்தாள். “சரி” என்றாள். நான் சொன்னதை நம்பினாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.