அவன் வண்டியில் நான் ஊற்றிய பெட்ரோல்

என் நண்பனின் காரை நான் அரிசி மில் என்றுதான் சொல்வேன். டீசல் வண்டி. பட்டாபிராமில் எங்கள் தெருமுனையில் அவன் சாவியைத் திருப்பினால், என் வீட்டில் நான் சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவேன். இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனி. அவன் ஓட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வேன். எனக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் சொந்தமாக ஓட்டியதெல்லாம் ஸ்கூட்டர்தான்.

"இன்னா மாமே, மாவு அரைச்சி முடிச்சியா, கெளம்பலாமா?"

"வாய்ல டீசல ஊத்திடுவேன், ஏறு."

எங்களுக்குக் காலை வணக்கம் என்பது இதுதான். ஆகவே, அது டீசல் வண்டி என்பது உலகத்தில் யாருக்காவது நன்றாகத் தெரியும் என்றால் எனக்குத்தான் தெரியும்.

அவன் மாரடைப்பில் போனான். மறுநாள் சாயங்காலம் அடக்கம். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். கோயிலில் பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், குழிக்குப் பக்கத்தில் கடைசியாக ஒருமுறை பெட்டியைத் திறந்து முகம் காட்டுவார்கள். பிறகு மூடி ஆணி அடித்துவிட்டால், அப்புறம் யார் ஓடிவந்தாலும் மூடியதுதான்.

சாவு வீட்டில் நான் பம்பரமாகச் சுற்றினேன். ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி, டீ எல்லாம் நான்தான். அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் வாயில் ஏதாவது கிண்டல் வந்துவிடும், அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது என்று பயம். கல்லறையில் எல்லோரோடும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மதியம் அவன் மனைவி கார் சாவியை என்னிடம் கொடுத்தார். "அண்ணே, பூந்தமல்லி போயி அக்காவக் கூட்டியாந்துடுங்க. இடுப்பு ஆபரேஷன் பண்ணவங்க, தனியா வரமுடியாது. அவங்க பாக்காம மூடமாட்டேன்."

அக்கா என்றால் அவனுடன் பிறந்த ஒரே அக்கா. நான் போய் அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து, அவருடைய வாக்கரை மடித்துப் பக்கத்தில் வைத்துக் கிளம்பினேன். சிறிது தூரத்திலேயே டேங்க் காலி என்று விளக்கு எரிந்தது. பங்க்கில் நிறுத்தினேன்.

"பெட்ரோலாண்ணா, டீசலாண்ணா?" என்று அங்கே வேலை பார்த்த பெண் கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் போட்டாள், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. பின்னால் அக்கா தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். என் கண் கடிகாரத்தில் இருந்தது. வாய், அத்தனை வருடமாக ஸ்கூட்டருக்குச் சொல்லிப் பழகியதைச் சொன்னது. "பெட்ரோல்."

பருத்திப்பட்டை நெருங்கும்போது வண்டி இருமத் தொடங்கியது.

"இன்னா தம்பி, இப்டித் தூக்கித் தூக்கிப் போடுது?"

"ஒண்ணுமில்லக்கா, ரோடு சரியில்ல."

ரோடு அன்றைக்கென்று பார்த்துப் புதிதாகப் போட்டு வழவழவென்று இருந்தது. கொஞ்ச தூரத்தில் வெள்ளைப் புகையோடு வண்டி நின்றேவிட்டது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். ஒரு லாரிக்காரர் இறங்கி வந்தார்.

"இன்னா பெருசு, நடுரோட்ல குந்திகினு கீற? இன்னா ஆச்சி?"

"தெரியலப்பா. இப்பதான் பெட்ரோல் போட்டுகினு..."

அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் காதில் விழுந்தது. லாரிக்காரர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாவியத் தொட்றாத அண்ணாத்தே," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆள் சேர்த்து வண்டியை ஓரமாகத் தள்ள உதவினார்.

அவன் இருந்திருந்தால் இதை வைத்தே நான் ரிட்டயர் ஆகும்வரை ஓட்டியிருப்பான். கேன்டீனில் மேசைமேல் ஏறி நின்று சொல்லியிருப்பான்.

ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம்.

"ஆவடி வரிக்கும்தான் போவும்," என்றார் டிரைவர்.

"தம்பி சாவுப்பா இவங்களுக்கு. மூஞ்சி பாக்கணும். பட்டாபிராம்."

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். "ஏத்தி உடு. உள்ள கீறவங்கள ஆவடில எறக்கிட்டு இவங்கள நேரா கொண்டுபோய் உட்டுர்றேன்."

"நீயும் வா தம்பி," என்றார் அக்கா.

"நா எங்கக்கா குந்தறது, டாப்லயா? நீங்க போங்க. பின்னாலயே வரேன்."

அதன்பிறகு வந்த ஆட்டோக்களில் எல்லாம் ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். போனில் பதிவு செய்த வண்டி வந்துகொண்டே இருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரையில் ஒரே இடத்தில் நின்றது. அப்போது அவன் மனைவி கூப்பிட்டார்.

"அண்ணே, அக்கா வந்துட்டாங்க, பாத்துட்டாங்க. நீங்க எங்க கீறீங்க? ஃபாதருக்கு வேற பூசை இருக்காம். இன்னும் கொஞ்ச நேரம்னா நா சொல்லிப் பாக்கறேன்."

அவருக்குப் பின்னால் யாரோ, "இன்னும் யாருக்கு வெயிட் பண்றாங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "பக்கத்து ஊட்டுக்காராம்," என்று இன்னொரு குரல் பதில் சொன்னது.

உடன்பிறந்தவளுக்காகப் பெட்டியைத் திறந்து வைக்கலாம். தாய்மாமனுக்காக வைக்கலாம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து குறை சொன்னவனுக்காக நிறுத்தி வையுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? நான் இன்னும் பருத்திப்பட்டில் நிற்கிறேன் என்று சொல்லவில்லை.

"மூடச் சொல்லும்மா," என்றேன். "அந்த மூஞ்சியத்தான் தெனம் பாத்துகினு கீறனே."

அவர் அழுதார். எப்போதும் என் ஜோக்குக்குச் சிரிக்கிறவர்.

நான் போய்ச் சேர்ந்தபோது மண்ணைத் தட்டி மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். காற்றில் ஒன்றும் நிற்கவில்லை, அணைந்து அணைந்து போயின. பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்துட்டேன் தம்பி. நீ ஏத்தி உட்டதால பாத்துட்டேன்." நான் ஊற்றியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்லறையில் எடுத்த வீடியோவை அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் மறுநாள் எனக்கு அனுப்பினார். வாட்ஸ்அப்பில் அது இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது. கறுப்பாக ஒரு கூட்டம், நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று. போனை வாங்கிப் பார்த்த என் மனைவி, "இத ஏன் இன்னும் தெறக்கல?" என்று கேட்டாள்.

"நெட்டு தீந்துடும்," என்றேன்.

அதைத் தொட்டால் முகம் தெரியும். கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் மூடிவிடுவார்கள்.