மகள் முதலில் சாப்பிட்ட வீடு

நாலு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மதுரை அவனியாபுரத்தில் என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் நடந்தது இது. மகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நான் செய்ததைச் சொல்லாமல் அவள் செய்ததைச் சொல்ல முடியாது.

நான் நாகமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒரே மகள். அவள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி வேலை பார்த்த காலத்தில் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். விடுமுறைக்கு வந்த மகள் மாத்திரையைப் பார்த்து என்னவென்று கேட்டபோது, பிரஷருக்கு என்று சொல்லி வைத்தேன். அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன்.

பிறகு வரன் பார்க்கத் தொடங்கினோம். முதலில் வந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சுகர் உண்டா என்று தரகர் மூலம் விசாரித்தார்கள். மகளுக்குத் தெரியாமல் உள்ளதைச் சொல்லி அனுப்பினேன். அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்று வேறு இடம் பார்க்கப் போய்விட்டார்கள். அடுத்து அவனியாபுரத்திலிருந்து வந்தவர்களிடம், எங்கள் பரம்பரைக்கே அது கிடையாது என்று சொன்னேன்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா என் தட்டில் ஒரு லட்டு வைத்தார். நான் தின்கிறேனா என்று கவனிப்பது போலத் தோன்றியது. தின்றேன். இன்னொன்று வைத்தார். அதையும் தின்றேன். அண்ணனுக்கு இரும்பு உடம்பு என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே கேசரியும் அதிரசமும் தின்ன வேண்டியதாயிற்று. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நாக்கு வறண்டு, கையிலிருக்கும் தண்ணீர் முழுவதையும் குடித்துத் தீர்ப்பேன். படித்த முட்டாள் என்பதற்கு என்னைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது என் உடம்போடு போயிருக்கும். மகள் உண்டானாள். ஆறாம் மாதச் சோதனையில் சர்க்கரை கூடியிருந்தது. டாக்டரம்மாவின் அறையில் சம்பந்தியம்மாவும் நானும் இருந்தோம். அப்பா அம்மா யாருக்காவது சுகர் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். பிரசவத்துக்குப் பிறகும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரம்பரையில் இல்லாதது, பிள்ளை பிறந்ததோடு போய்விட்டது என்று அந்த வீட்டில் பேசிக்கொண்டார்கள். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நானும் தலையாட்டினேன்.

பேரனுக்கு இரண்டு வயது ஆனபோது, தெருவில் நடந்த மருத்துவ முகாமில் மகள் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். அளவு கூடியிருந்தது. பழைய டாக்டரம்மாவிடமே போனாள். இன்னும் நோய் வந்துவிடவில்லை, வருகிற வழியில் நிற்கிறது, சாப்பாட்டையும் நடையையும் மாற்றினால் தடுத்துவிடலாம், விட்டால் வந்துவிடும் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

அதற்கு அடுத்து வந்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மா வழக்கம்போல என் முன்னால் கேசரித் தட்டை வைத்துவிட்டு, மகளைப் பார்த்துச் சொன்னார்.

“எங்கண்ணனப் பாருத்தா. இம்புட்டு வயசுல இனிப்புத் திங்கிறாரு, ஒண்ணுஞ் செய்யல. ஒனக்கு எங்கருந்து வந்துச்சு? எல்லாம் அந்த பேக்கரிப் பண்டந்தேன்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மருமகள் மேல் உள்ள கவலைதான் அப்படி வந்தது. மகள் பையன் தலையைத் தடவிக்கொண்டே, “ஆமாத்தை, என் தப்புதான்” என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தட்டைத் தள்ளி வைத்தேன். “தங்கச்சி, எனக்குச் சுகர் இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு. இவளுக்கு என்கிட்ட இருந்துதான் வந்திருக்கும்” என்றேன்.

லேத் பட்டறை வைத்திருக்கும் சம்பந்திதான் முதலில் வாய் திறந்தார். “அப்ப நிச்சயத்தன்னைக்கு லட்ட அந்தத் தின்னு தின்னீகளே மச்சான்?”

“தின்னேன்” என்றேன். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

சம்பந்தியம்மா கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போகுமுன் நின்று, “பொண்ணக் கட்டிக் குடுக்கப் பொய் சொன்னீக, சரி. ஆஸ்பத்திரில எதுக்குண்ணே சொன்னீக?” என்று கேட்டார். நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

வாசல்வரை வழியனுப்ப வந்த மகள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “தெரிஞ்சிருந்தா அப்பவே ஆரம்பிச்சிருப்பேன்பா” என்று மட்டும் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

மறுநாளே அவள் தொடங்கிவிட்டாள். வெயில் ஏறுவதற்குள் விமான நிலையம் போகிற சாலையில் வேகமாக நடந்துவிட்டு வருவாள். நடப்பது எளிதாக இருந்தது. சாப்பாடுதான் சண்டையாகிவிட்டது. பட்டறையை மூடி ஆண்கள் வர இரவு பத்து மணி ஆகும். அவர்கள் சாப்பிட்ட பிறகு பெண்கள். கடைசியில் உட்காரும் மருமகள், வீணாகக் கூடாது என்று சட்டியில் மிஞ்சிய சோற்றையெல்லாம் குழம்பில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே படுக்கப் போவாள். கல்யாணம் ஆனதிலிருந்து என் மகள் சாப்பிட்டது அப்படித்தான். எனக்கு அது தெரியவே தெரியாது. பொழுது சாய்ந்ததும் சாப்பிடு, தட்டில் பாதிக்குக் காய் இருக்கட்டும், சோறு ஒரு கரண்டி போதும் என்பது டாக்டரம்மா சொன்னது.

ஒருநாள் ஏழு மணிக்கு அவள் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்தாளாம். பீன்ஸ் பொரியல், ஒரு முட்டை, ஒரு கரண்டிச் சோறு. ஆம்பளைகள் இன்னும் வரவில்லையே என்றாராம் மாமியார். அவர்களுக்கு எடுத்து மூடி வைத்திருக்கிறேன், நீங்களும் உட்காருங்கள் அத்தை என்றாளாம் இவள். மாமியார் உட்காரவில்லை. ஒரு வாரம் சரியாகப் பேசவும் இல்லை. இவளும் நிறுத்தவில்லை. தினமும் ஏழு மணிக்குத் தட்டைப் போட்டாள். சோற்றையும் மிஞ்சாத அளவுக்கு வடித்தாள். முதல் நாள் சம்பந்தி குழம்புச் சட்டியைத் தேடி அடுப்படியையே இரண்டாக்கிவிட்டார் என்று மாப்பிள்ளை எனக்குப் போன் செய்து சிரித்தார்.

பக்கத்து வீட்டுப் பெண்தான் காரியத்தை முடித்துவைத்தவர். உங்கள் மருமகள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுகிறாளாமே என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டிருக்கிறார். அவருக்கு வந்ததே கோபம். “எங்க வீட்டுச் சோறு, எங்க மருமக திங்கிறா. ஒனக்கு எங்கடி வலிக்கிது?” என்று கேட்டுவிட்டு வந்தவர், அன்று மாலை தானும் தட்டை எடுத்துக்கொண்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கீரை ஆய்வதிலிருந்து, அவள் நடக்கப் போகும்போது பையனைப் பார்த்துக்கொள்வதுவரை எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

என்னிடம் மட்டும் பேசவில்லை. நான் போனால் சீனி போடாத காபி வரும். கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு காலையில் அவர் எண்ணிலிருந்து எனக்குப் போன் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

“அண்ணே, நாந்தேன். ரத்தம் குடுத்துப் பாத்தோம். எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டரம்மா சொல்லிருச்சு. ஆனா விட்றக் கூடாதாம், இப்புடியே இருக்கணுமாம்.”

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி என்று சொல்லப் போனேன். அவர் விடவில்லை.

“ஒங்க வீட்டுலருந்து வந்தத எங்க வீட்டுல நிறுத்தி வச்சிருக்கோம். நாலு பேருட்டச் சொல்லுங்க. இந்தத் தடவையாச்சும் உள்ளதச் சொல்லுங்க.”

சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் தம்பிமார் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, உங்கள் பெரியப்பாவுக்கு இது இருக்கிறது, நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள் என்றேன். பெண் பிள்ளைகள் வைத்திருக்கும் ஒரு தம்பிக்கு இதில் வருத்தம்தான். அந்த வருத்தம் எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

மகள் இன்றும் விடாமல் நடக்கிறாள், அந்த வீட்டில் முதல் ஆளாகச் சாப்பிடுகிறாள், ஒவ்வொரு வருடச் சோதனையிலும் நல்ல செய்தி சொல்கிறாள். அதில் என் பங்கு எதுவுமே இல்லை என்று தெரிந்தும், என் மகள் என்று சொல்லிக்கொள்ளும்போது வருகிற பெருமையை என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.