கொட்டகையில் எழுந்து நின்றவர்கள்

நாகர்கோவிலுக்கு அந்த நாடகக் கம்பெனி வந்தபோது எனக்குத் திருமணமாகி ஏழு மாதம். அவர்களுடைய துண்டு விளம்பரத்தில் கதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேகத்திலிருந்து இறங்கும் அரண்மனை, மேடையில் கொட்டும் அருவி, உயிருள்ள குதிரை, மின்விளக்குகள் பதித்த இந்திரசபை, இடையிடையே வெள்ளைக்கார நடனம் என்று பட்டியல் மட்டுமே இருந்தது. என் மனைவி அதை வேதாகமத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டு தினமும் வாசித்தாள்.

எங்கள் சபையில் நாடகம் பார்ப்பவருக்கு நற்கருணை கிடையாது. நான் மிஷன் பள்ளி ஆசிரியன். எனக்கு வேலையும் போகும். முந்தின ஞாயிறுதான் சபை மூப்பர் இதை மூன்று முறை நினைவூட்டியிருந்தார்.

"எட்டு மைலு தள்ளி நம்மள யாருக்குத் தெரியும்? தலையில துண்டப் போட்டுக்கிடுங்க," என்றாள் அவள்.

போட்டுக்கொண்டேன். எங்கள் வேதக்கோயிலைப் போலவே கொட்டகையிலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் கயிறு. அருவி கொட்டியது, முன்வரிசை நனைந்தது. குதிரை விளக்கைக் கண்டு மிரண்டு, மந்திரியைத் தள்ளிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று. பிறகு இறங்கிய அரண்மனை, வடம் சிக்கி அந்தரத்தில் நின்றது. மேடை இருண்டது.

நேரத்தைக் கடத்த ஆர்மோனியக்காரர் ஒரு வெள்ளைக்கார மெட்டை எடுத்தார். அதை எந்த ஊர்க் கோயில் வாசலில் நின்று கேட்டாரோ, அது எங்கள் ஞானப்பாட்டு. அந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்பது எங்கள் வழக்கம். நடக்கத் தொடங்கிய நாள் முதல் பழகிய கால்கள், யோசிக்கவில்லை.

எழுந்துவிட்டேன். எனக்கு முன்னால் ஒருவர் எழுந்தார். இடப்பக்கம் நான்கு பேர். பின்னால் ஒரு வரிசையே. எல்லோர் தலையிலும் துண்டு. அந்த வேளை பார்த்து வடம் விடுபட்டு, அத்தனை விளக்குகளோடும் அரண்மனை இறங்கியது. பகல்போன்ற வெளிச்சத்தில் எங்கள் சபையில் பாதி பயபக்தியோடு நின்றுகொண்டிருந்தது. முன்னால் நின்றவர் திரும்பினார். மூப்பர்.

"வாத்தியாரே, நீருமா?"

"ஆமாம் ஐயா."

"யாரெல்லாம் வாறான்னு பாக்கத்தான் நான் வந்தேன்."

எந்தச் சபையையும் சேராத ஒரு விவசாயி பின்னாலிருந்து பொறுமையிழந்தார்: "பாத்தாச்சுல்லா, இனி இரியும் வே! அரமணை மறைக்கு!"

பெண்கள் பக்கம் பார்த்தேன். அங்கும் பலர் நின்றார்கள். என் மனைவி மட்டும் உட்கார்ந்தபடியே, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு மூப்பர் புறங்கூறுதலின் தீமை குறித்துப் பேசினார். மிக உருக்கமான பேச்சு. யாருக்கும் நற்கருணை மறுக்கப்படவில்லை. என் வேலையும் தப்பியது. அந்தப் பாட்டுக்கு எழும்போதெல்லாம் பெண்கள் பக்கம் பார்க்காமலிருக்க நாற்பது ஆண்டுகள் பாடுபட்டேன்.

சென்ற மாதம் அவளை அடக்கம் செய்த அன்று அதையே பாடினார்கள். கோயில் முழுவதும் எழுந்து நின்றது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தளர்ச்சி என்று எண்ணி யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். வாங்கிக் குடித்தேன்.