கன்சோல் வாங்கப் போன இடத்தில்

போன வருஷம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது, வலது கையில் மட்டும் பிடி வரவில்லை. வீடியோ கேம் விளையாடினால் விரல்களுக்கு நல்லது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதால், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம்.

அங்கே வீடியோ கேம் ஆடும் கன்சோல்கள் இரண்டு இருந்தன. விலை கூடியதுதான் நல்லது என்று நான் முடிவே செய்துவிட்டேன். கையில் பிடித்து ஆடும் அதன் கண்ட்ரோலரை அவர் எடுத்துப் பார்த்தார். அது கையிலிருந்து நழுவி விழுந்தது.

"பாத்துப் புடிங்க," என்றேன். வீட்டிலும் நாள் முழுக்க இதைத்தான் சொல்வேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுவும் வேணாம், வா போலாம்," என்று அவர் வாசல் பக்கம் நடந்தார்.

பக்கத்தில் நின்ற ஓர் இளம்பெண் கண்ட்ரோலரை எடுத்து வைத்தாள். "எனக்கும் இது கனமாத்தான் இருக்குதுண்ணா. இந்தச் சின்னத புடிச்சிப் பாருங்க," என்று விலை குறைந்ததன் கண்ட்ரோலரை நீட்டினாள்.

அவர் திரும்பி வந்து, தயங்கி வாங்கினார். விரல்கள் அதைச் சுற்றி நின்றன. திரையில் அவர் ஓட்டிய கார் சுவரில் மோதியபோது சிரித்தார்.

அதையே எடுத்துக்கொண்டோம். பில் போடும் இடத்தில் அந்தப் பெண் எங்களுக்கு முன்னால் நின்றிருந்தாள். அவள் வாங்கியிருந்தது விலை கூடிய கன்சோல், கூடவே கனம் என்று சொன்ன அதே கண்ட்ரோலர் இன்னொன்று. என்னைப் பார்த்ததும் பெட்டியை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் கவனிக்கவில்லை. நானும் இதுவரை சொல்லவில்லை. அவரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எனக்கும் ஒன்று கடினமாக இருக்கிறது என்று அவரிடம் ஒரு நாள்கூட நான் சொன்னதில்லை.